வேடிக்கையாகக் கேட்கப்பட்ட குரல்: மில்லி ஸ்மால், 1964

1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் வெளியான 'மை பாய் லாலிபாப்' என்ற இசைத்தட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடமே ஓடும். ஜமைக்காவிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திறங்கியிருந்த ஒரு பதின்ம வயதுப் பெண் அதைப் பாடியிருந்தார். தட்டின் மேல் 'மில்லி' என்ற ஒற்றைப் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. அந்தப் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலிலும், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலிலும் இரண்டாம் இடம் வரை ஏறியது. உலகம் முழுவதிலும் 60 லட்சம் முதல் 70 லட்சம் பிரதிகள் வரை விற்றதாகப் பரவலாக எழுதப்படுகிறது. அதன் பிறகு அவர் பாடிய எந்தப் பாட்டும் அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2020 மே 5 அன்று லண்டனில் அவர் காலமானபோது வந்த இரங்கல் குறிப்புகள் பெரும்பாலும் அந்த ஒரே பாட்டின் பெயரில்தான் தொடங்கின.

மில்லி ஸ்மாலைப் பற்றிய வழக்கமான விளக்கம் எளிமையானது. கீச்சென்ற குரல், மிட்டாயைப் பற்றிய தலைப்பு, அதுவரை கேட்டிராத தாளம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அது ஒரு வேடிக்கைப் பாட்டாக விற்றது என்றும், வேடிக்கை ஒருமுறைதான் எடுபடும் என்பதால் அவரும் மறைந்துபோனார் என்றும் சொல்வார்கள். இதன் முதற்பாதியில் உண்மை உண்டு. இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. லண்டன் கேட்டு வியந்த குரல், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் யாரும் வியக்காத, நன்கு பழகிய ஒரு பாடும் முறை. அது ஒரு சந்தையிலிருந்து இன்னொரு சந்தைக்கு மாறியபோதுதான் வேடிக்கையாயிற்று. அந்த மாற்றம் எப்படி நடந்தது, யாருக்கு என்ன கொடுத்தது, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

பாட்டைக் காதால் பார்த்தல்

பாட்டு தொடங்கிய கணத்திலேயே அதன் இயல்பு தெரிந்துவிடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காலால் தட்டிக்கொண்டு கேட்டால், கால் தரையைத் தொடும் இடத்தில் கிட்டார் இருக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அது வெட்டியெடுத்தாற்போல ஒலித்து உடனே அடங்கும். ஆஃப் பீட் என்று இசைக்கலைஞர்கள் சொல்லும் இந்த எதிரடிதான், ஜமைக்காவில் பிறந்த துள்ளலிசையான ஸ்காவின் முதுகெலும்பு. ஊதுகருவிகளும் அந்த இடைவெளிகளிலேயே வந்து விழுகின்றன. இந்தத் துள்ளலின் மேல் மில்லியின் குரல் சிறிதும் தடுமாறாமல் நேராக நடந்துபோகிறது. அடிக்கு முன்னாலும் ஓடாமல், பின்னாலும் தங்காமல், எதிரடிகள் தன்னைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கும்போது மெட்டைக் கைவிடாமல் கொண்டுசெல்வது எளிதன்று. பாட்டின் நடுவில் ஒரு ஹார்மோனிகா வந்துபோகிறது. அது போனதும் அவர் மறுபடி குரலெடுக்கும் இடத்தைக் கவனித்துக் கேட்டால், இது பயிற்சியில்லாத சிறுமியின் தற்செயலான உற்சாகம் அன்று என்பது புரியும்.

இசையமைப்பை ஒழுங்குசெய்து கிட்டார் வாசித்தவர் எர்னஸ்ட் ராங்ளின். ஜமைக்காவின் ஜாஸ் மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் தேர்ந்தவரான அவர், ஸ்கா இசை உருவான காலத்திலேயே அதற்குள் இருந்தவர். லண்டனின் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில், அந்த ஊர் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு தாளத்தை அவர் வாசிக்க வைத்தார். ஸ்கா உலகப் பட்டியல்களுக்குள் நுழைந்த முதல் பெரிய வாசல் இந்தத் தட்டு என்றால், அந்த வாசலின் தச்சர் ராங்ளின். ஆனால் பாட்டைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசப்பட்டது ராங்ளினைப் பற்றி அன்று. அந்த ஹார்மோனிகாவை வாசித்தவர், பின்னாளில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட்தானா என்ற கேள்வியைப் பற்றி. தாம் வாசிக்கவில்லை என்று ஸ்டூவர்ட்டே மறுத்த பிறகும் அந்தக் கதை ஓயவில்லை. ஒரு பெண்ணின் பாட்டில் சில நொடிகள் வரும் ஒரு பக்கவாத்தியத்துக்குக் கிடைத்த அக்கறை, அவருடைய குரல் எங்கே உருவானது என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை.

கிங்ஸ்டனில் அந்தக் குரல்

மில்லிசென்ட் ஸ்மால் ஜமைக்காவின் கிளாரெண்டன் பகுதியில், கரும்புத் தோட்டம் சார்ந்த ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தவர். வியர் ஜான்ஸ் நடத்திய 'ஆப்பர்ச்சூனிட்டி அவர்' என்ற திறமைப் போட்டி அந்தத் தீவின் பாடகர்கள் பலருக்கு முதல் படியாக இருந்தது. சுமார் 12 வயதில் மில்லியும் அதில் வெற்றி பெற்றார். பின்னர், கிங்ஸ்டனின் முன்னணித் தயாரிப்பாளர்களில் ஒருவரும் ஸ்டுடியோ ஒன் நிறுவனத்தால் அறியப்பட்டவருமான காக்ஸன் டாட், அவரை முதலில் ஓவன் கிரேயுடனும் அதன் பிறகு ராய் பேன்டனுடனும் ஜோடி சேர்த்துப் பாட வைத்தார். 'ராய் அண்ட் மில்லி' என்ற பெயரில் வந்த 'வீல் மீட்' ஜமைக்காவில் வெற்றி பெற்றது. லண்டன் விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் தம் நாட்டில் தட்டு விற்கும் பாடகி என்பது, அவரைத் திடீரென்று கண்டெடுக்கப்பட்ட சிறுமியாகக் காட்டும் எழுத்துகளில் விட்டுப்போகும் செய்தி.

குரலைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து 'ஷர்லி அண்ட் லீ' ஜோடியின் தட்டுகள் ஜமைக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தன. ஆண் குரல் சாதாரணமாகப் பாட, பெண் குரல் மிக உயர்ந்த சுருதியில், மூக்கோசை கலந்து, கம்பியைப்போல நீண்டு ஒலிப்பது அந்த ஜோடியின் அடையாளம். ஜமைக்காவில் ஆண்–பெண் ஜோடிப் பாட்டுகள் ஒரு தனி வழக்கமாகவே வளர்ந்ததற்கு அந்தத் தட்டுகளும் ஒரு காரணம். மில்லியின் குரல் அந்த மரபுக்குள் சரியாகப் பொருந்தியது. 'வீல் மீட்' பாட்டில் ராய் பேன்டனின் குரலுக்குப் பக்கத்தில் அதே கூர்மையான குரல்தான் ஒலிக்கிறது. அதைக் கேட்ட கிங்ஸ்டன் மக்களுக்கு அது காதல் ஜோடியில் பெண்ணின் குரலாக இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஆண் குரல் இல்லாமல், அந்த மரபைக் கேட்டிராத காதுகளுக்கு முன்னால், தனியாக நிறுத்தப்பட்டபோது அதே குரல் விளையாட்டுப் பொருளாகத் தோன்றியது.

பழைய தட்டு, புதிய கடை

மில்லியை லண்டனுக்கு அழைத்து வந்தவர் கிறிஸ் பிளாக்வெல். ஜமைக்காவில் வளர்ந்த அவர் 1959-இல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நாட்களில் அவர் நியூயார்க்கிற்குப் போய் ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளை வாங்கி வந்து, பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துத் தட்டுகளைப் போட்டு ஆட்ட நிகழ்ச்சிகள் நடத்திய கிங்ஸ்டனின் சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்கு விற்பதும் உண்டு. போட்டியாளர்கள் எந்தத் தட்டு என்று கண்டுபிடித்துவிடாமலிருக்க, நடுவிலுள்ள பெயர்த்தாளைச் சுரண்டியெடுத்துவிட்டே விற்பார்கள். அப்படி வந்தவற்றில் ஒன்று, 1956-இல் பார்பி கே என்ற நியூயார்க் பதின்ம வயதுப் பாடகி பாடிய 'மை பாய் லாலிபாப்'. ஆகவே மில்லியின் வெற்றிப் பாட்டு புதிதாக எழுதப்பட்டதே அன்று. அந்தப் பாட்டை எழுதியவர் 'கேடிலாக்ஸ்' குழுவின் ராபர்ட் ஸ்பென்சர் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. ஆனால் இசைத்தட்டு வணிகத்தில் பெரும் புள்ளியாக இருந்த மோரிஸ் லெவியின் பெயரும், ஜானி ராபர்ட்ஸ் என்பவரின் பெயரும் பாடலாசிரியர் இடத்தில் வந்து சேர்ந்தன. தாம் எழுதாத பாட்டுகளில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்வது லெவியின் வழக்கமாகவே இருந்தது. இந்தப் பாட்டு மில்லியின் கைக்கு வருவதற்கு முன்பே அதன் வருமானம் எங்கே போக வேண்டும் என்பது இப்படி ஒருவாறு முடிவாகியிருந்தது.

1962-இல் ஜமைக்கா விடுதலை பெற்ற ஆண்டில் பிளாக்வெல் லண்டனுக்கு இடம் மாறினார். அங்கே குடியேறியிருந்த கரீபிய மக்களுக்காக ஜமைக்கத் தட்டுகளை இறக்குமதி செய்து, தம் சிறிய காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய் விற்றார். அது சிறிய, நிலையான, தனித்த ஒரு சந்தை. 'வீல் மீட்' தட்டில் கேட்ட குரல் அவரை விடவில்லை. 1963-இல் மில்லியின் தாயாரிடம் அனுமதி பெற்று, தாமே சட்டப்படி காப்பாளராக இருந்து, அவரை லண்டனுக்கு வரவழைத்தார். இட்டாலியா கோன்டி நாடகப் பள்ளியில் பேச்சுப் பயிற்சிக்கும் நடனப் பயிற்சிக்கும் சேர்த்துவிட்டார்கள். இந்த விவரத்தை நான் சாதாரணமாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஏற்கெனவே பாடத் தெரிந்த ஒருவருக்குப் பாட்டுக் கற்றுத்தரவில்லை, பேசக் கற்றுத்தந்தார்கள். புதிய சந்தைக்கு அவருடைய குரல் அப்படியே வேண்டியிருந்தது, அவருடைய பேச்சு அப்படியே வேண்டியிருக்கவில்லை. லண்டனில் வந்த முதல் தட்டு கவனம் பெறவில்லை. அதன் பிறகுதான் தம்மிடமிருந்த பார்பி கே பாட்டை பிளாக்வெல் மறுபடி கையிலெடுத்தார்.

ஐலண்ட் நிறுவனம் இந்தத் தட்டைத் தன் பெயரில் வெளியிடவில்லை என்பது இந்த நிகழ்வின் முக்கியமான முடிச்சு. சிறிய நிறுவனம் ஒன்றுக்குப் பெரிய வெற்றி என்பது ஆபத்து. தட்டு அச்சிடும் ஆலைக்குப் பணம் முதலில் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடமிருந்து பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். ஆயிரக்கணக்கில் விற்கும்வரை சமாளித்துவிடலாம், லட்சக்கணக்கில் விற்கத் தொடங்கினால் அந்த இடைவெளியிலேயே கடை மூடிப்போகும். பிளாக்வெல் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார். எனவே பிலிப்ஸ் குழுமத்தைச் சேர்ந்த ஃபொன்டானா நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, அச்சும் விநியோகமும் அவர்கள் பொறுப்பில் நடக்கும்படி செய்தார். பெரிய நிறுவனத்தின் கிளைகள் வழியே அந்தத் தட்டு நாடு நாடாகப் போய்ச் சேர்ந்தது.

பட்டியலுக்குள்

1964 பிரிட்டனில் இன்றிருப்பதுபோல ஒரே அதிகாரபூர்வப் பட்டியல் இல்லை. இசை வார இதழ்கள் ஒவ்வொன்றும் கடைகளை விசாரித்துத் தத்தம் பட்டியலை வெளியிட்டன. எல்லாவற்றிலும் மில்லி மேலேறினார். ஸ்காவை பிரிட்டனில் அப்போது 'புளூ பீட்' என்றே அழைத்தார்கள். ஜமைக்கத் தட்டுகளை வெளியிட்ட ஒரு லண்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. ஒரு நாட்டின் இசைக்கு அதை விற்ற கடையின் பெயரே ஒட்டிக்கொண்டது. மில்லி அந்த புளூ பீட் மோகத்தின் முகமாக ஆக்கப்பட்டார். 1964 மே மாதத்தில் ஒளிபரப்பான 'அரவுண்ட் த பீட்டில்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரும் பாடினார். அமெரிக்காவில் 1964 ஜூலைத் தொடக்கத்தில், பீச் பாய்ஸ் குழுவின் பாட்டுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடத்தில் நின்றார். ஒவ்வொரு நாடும் அவரை நேரில் வரச் சொல்லிக் கேட்டது, பிளாக்வெல்லும் கூடவே பயணம் செய்தார்.

அந்தப் பயணங்களில் ஒன்று மில்லியின் சொந்த வீட்டுக்கு. பிளாக்வெல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, உலகப் புகழோடு ஊர் திரும்பிய மகளை அவருடைய தாயார் ஓடிவந்து கட்டியணைக்கவில்லை. பெரிய இடத்து விருந்தாளி ஒருவரை வணங்குவதுபோல் குனிந்து வரவேற்றார். புறப்பட்டுப் போய் ஒன்றிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த மகள் அவர். அந்தக் காட்சி தம்மை உலுக்கியதாகவும், ஒரே பாட்டின் வெற்றியை விரட்டுவதைவிட நீண்ட காலம் நிலைக்கும் கலைஞர்களைத் தேட வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுத்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பாடத்தின் விலையைக் கொடுத்தவர் யார் என்பதைச் சேர்த்துப் படிக்காமல் என்னால் இதைக் கடந்துபோக முடியவில்லை.

அடுத்து வந்த 'ஸ்வீட் வில்லியம்' பிரிட்டனில் 30-ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 40-ஆம் இடத்தையும் தொட்டது. 1965-இல் 'பிளட்ஷாட் ஐஸ்' பிரிட்டனில் 48-ஆம் இடத்தோடு நின்றது. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், முதல் 40 இடங்களுக்குள் இரண்டு பாட்டுகளைக் கொண்டுவந்த ஒருவரை ஒற்றை வெற்றிப் பாடகி என்று அழைப்பதே கணக்குப் பிழை. இருந்தாலும் அந்தப் பெயர் நிலைத்தது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 'ஸ்வீட் வில்லியம்' முந்தைய பாட்டின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. வேடிக்கையாக விற்ற ஒன்றை மறுபடி அதே வடிவில் கொடுத்தால் அது பழசாகிவிடுகிறது. வேறு வடிவில் கொடுத்தால் 'இது அந்தக் குரல் அன்று' என்று கேட்பவர் விலகிப்போகிறார். அதே காலத்தில் ஃபேட்ஸ் டாமினோவின் பாட்டுகளை மட்டுமே கொண்டு மில்லி ஒரு முழு ஆல்பம் பாடியிருக்கிறார். தம்முடைய குரல் எந்த மரபிலிருந்து வந்ததோ, அந்த நியூ ஆர்லியன்ஸ் இசைக்கே திரும்பிச் சென்ற முயற்சி அது. லாலிபாப் சிறுமியை எதிர்பார்த்தவர்களுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

பணம் போன வழி

ஒரு தட்டிலிருந்து வரும் வருமானம் ஒரே பையில் விழுவதில்லை. பாட்டை எழுதியவருக்கும் அதன் பதிப்புரிமையாளருக்கும் ஒரு பங்கு. ஒலிப்பதிவின் உரிமை வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு. பாடியவருக்கு, ஒப்பந்தத்தில் எழுதிய விழுக்காட்டின்படி, செலவுகள் கழிந்த பிறகு மிஞ்சுவது. மில்லி பாட்டை எழுதியவரல்லர் என்பதால் முதல் பங்கு அவருக்கு இல்லை. ஒலிப்பதிவும் அவருடையதன்று. அமெரிக்க வானொலி நிலையங்கள் பாடலாசிரியருக்கு மட்டுமே உரிமத்தொகை கட்டுகின்றன. பாடியவருக்கு எதுவும் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே அந்த நாட்டின் வானொலிகளில் அவருடைய குரல் எத்தனை ஆயிரம் முறை ஒலித்திருந்தாலும், அந்த ஒலிபரப்புக்காக அவருக்குச் சேர வேண்டியது என்று ஒரு டாலரும் இல்லை. எழுதாமல் பாட மட்டும் செய்கிற எல்லாருடைய நிலையும் இதுதான். ஆனால் பல வெற்றிகள் கண்டவர் அடுத்த ஒப்பந்தத்தில் பேரம் பேசலாம். ஒரே வெற்றி கண்டவருக்கு அந்த அடுத்த மேசையே கிடைப்பதில்லை.

மறுபக்கத்தில், அந்தத் தட்டின் வெற்றி ஐலண்ட் நிறுவனத்துக்கு மூலதனமாயிற்று. மில்லியின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக பர்மிங்காம் சென்றிருந்தபோதுதான் பிளாக்வெல் அங்கே ஸ்பென்சர் டேவிஸ் குழுவையும், அதில் பாடிய இளைஞர் ஸ்டீவ் வின்வுட்டையும் கண்டார். ராக் இசையில் ஐலண்ட் கால்வைத்த வழி அது. பிறகு பாப் மார்லி, யூ2 என்று நிறுவனம் வளர்ந்து, 1989-இல் பாலிகிராம் நிறுவனத்துக்குப் பெரும் தொகைக்கு விற்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1987-இல், மில்லி கையில் பணமின்றிக் கைக்குழந்தையோடு லண்டனில் ஓர் இளைஞர் விடுதியில் தங்கியிருப்பதாகத் தொலைக்காட்சிச் செய்தி ஒன்று காட்டியது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் மில்லியே அதற்கு இடம் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டபோது, அதுவும் ஓர் அனுபவம், தாமே தேர்ந்துகொண்ட வாழ்க்கை, அதற்காகத் தாம் வருந்தவில்லை என்ற பொருளில்தான் பேசினார். அவருடைய சொல்லை மீறி அவரை வெறும் பலியாளாக எழுதினால், 1964-இல் அவரைப் பொம்மையாகப் பார்த்தவர்கள் செய்த தவறையே வேறு வகையில் செய்தவர்களாவோம். பணத்தின் போக்கு அநியாயமாக அமைந்திருந்தது என்பதையும், அதற்குள் வாழ்ந்தவர் தம் வாழ்வைத் தாமே பொருள்கொண்டார் என்பதையும் ஒருசேர வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1970

பட்டியல்கள் அவரைக் கைவிட்ட பிறகு மில்லி பாடியவற்றில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 1968-இல் ஈனக் பவல் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், குடியேறிகளுக்கு எதிராக ஆற்றிய உரை நாட்டையே கொந்தளிக்க வைத்தது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்து பேருந்து ஓட்டியும் மருத்துவமனைகளில் பணிசெய்தும் வாழ்ந்தவர்கள், தாங்கள் வேண்டாதவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டதைக் கேட்டார்கள். 1970-இல் ட்ரோஜன் நிறுவனத்தின் வழியே வந்த மில்லியின் தட்டில் ஒரு பக்கம் நிக் டிரேக் எழுதிய 'மேஃபேர்'. மறுபக்கம் 'ஈனக் பவர்'. அந்த அரசியல்வாதியின் பெயரையே புரட்டித் தலைப்பாக்கி, பிரிட்டனில் உழைத்து வாழும் ஜமைக்கர்களின் நாளைப் பாடிய பாட்டு. தலைப்பிலுள்ள சொல்விளையாட்டும், குரலிலுள்ள துள்ளலும் லாலிபாப் காலத்தை நினைவூட்டும். ஆனால் இந்தமுறை அந்தத் துள்ளல் எதற்காக என்பதைப் பாடகியே தீர்மானித்திருக்கிறார். அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அதே ஆண்டில் வந்த அவருடைய ஆல்பத்தின் உறையில் அவரை ஒரு பெரிய வாழைப்பழத்தின் மேல் உட்கார வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். பாட்டு மாறிய பிறகும் விற்பவர்களின் கண் மாறவில்லை என்பதற்கு அந்த உறையைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிறகு அவர் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்து, பிரிட்டன் திரும்பி, மேடையிலிருந்து ஒதுங்கினார். 2011-இல் ஜமைக்க அரசு அவருக்கு 'ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்' விருதைக் கமாண்டர் தகுதியில் அளித்தது. அவர் சார்பில் அதைப் பெற்றுக்கொண்டவர் முன்னாள் பிரதமர் எட்வர்ட் சீயகா. அரசியலுக்கு முழுதாக வருமுன் கிங்ஸ்டனில் இசைத்தட்டுத் தயாரிப்பாளராகவும் இருந்தவர்.

மில்லியைக் கேட்க விரும்புகிறவர்கள், பெரும்பாலோர் செய்வதுபோல் லாலிபாப்பில் தொடங்காமல், ராய் பேன்டனோடு அவர் பாடிய 'வீல் மீட்' தட்டை முதலில் போட்டுக் கேட்கலாம். பேன்டனின் குரலுக்குப் பக்கத்தில் அவருடைய குரல் உயர்ந்து வந்து நிற்கும் அந்த இடத்தில் காது பழகிய பிறகு, 1964-இன் தட்டை எடுத்துக் கேட்டால், கிட்டாரின் எதிரடிகளுக்கு நடுவே நிதானமாக நடந்துவரும் ஜமைக்கப் பாடகி ஒருவரின் குரலே அதில் கேட்கும்.